எலிக்குக் கொடுத்த பழம்

ஏதோ ஒரு பழம் புற்றுநோயைத் தடுக்கிறது என்ற செய்தி நாளிதழ்களின் உள்பக்கங்களில் அடிக்கடி வருகிறது. ஒரு முறை மாதுளை, இன்னொரு முறை நாவல், அடுத்தது நெல்லி. நான்காவது வரியிலோ ஐந்தாவது வரியிலோ ‘எலிகளிடம் நடத்திய சோதனையில்’ என்று ஒரு சொற்றொடர் ஒதுங்கி நிற்கும். படிப்பவர்களில் ஒரு சாரார் அதைக் கவனிக்காமல் பழக்கடைக்குப் போகிறார்கள். இன்னொரு சாரார் ‘எலிக்குத்தானே’ என்று சிரித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்புகிறார்கள். இரு சாராருமே அந்தச் சோதனையைப் படிக்கவில்லை என்பதுதான் உண்மை. எலிச் சோதனை மிகக் குறுகிய ஒரு கேள்வியைக் கேட்டு, அதற்கு ஓரளவு நம்பகமான விடையைத் தருகிறது. கேள்வி என்னவென்று தெரிந்துகொண்டால் விடையை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதும் தெரிந்துவிடும்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, அமெரிக்காவின் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கேரி ஸ்டோனர் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் கருப்பு ராஸ்ப்பெரிப் பழத்தை வைத்துப் பல ஆண்டுகள் செய்த வேலை. நம் ஊர்ச் சந்தைக்கு வராத பழம் அது. ஆனால் பழத்துக்கும் புற்றுநோய்க்கும் உள்ள உறவை விலங்குகளிடம் இவ்வளவு பொறுமையாகவும், பலிக்காத முடிவுகளையும் மறைக்காமலும் தேடிய ஆய்வு வரிசைகள் குறைவு. அதனால் அதையே எடுத்துக்கொள்வோம்.

முதலில் கொஞ்சம் வரலாறு. ஒரு பொருள் புற்றுநோயைத் தடுக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால், முதலில் புற்றுநோயை வேண்டும்போது உண்டாக்கத் தெரிய வேண்டும். 1915இல் டோக்கியோவில் யாமகிவா என்ற ஆய்வாளரும் அவருடைய உதவியாளர் இச்சிகாவாவும் முயல்களின் காதில் மாதக்கணக்கில் நிலக்கரித் தாரைப் பூசிப் பூசிப் புற்றை வரவழைத்தார்கள். ஒரு வேதிப்பொருள் புற்றை உண்டாக்கும் என்பதற்கான முதல் உறுதியான செய்முறைச் சான்று அது. அதன் பிறகுதான் எதிர்த்திசையில் யோசிக்க வழி பிறந்தது: தாரைப் பூசும்போது வேறு ஒரு பொருளையும் சேர்த்துக் கொடுத்தால் கட்டி குறையுமா? மின்னசோட்டாவில் லீ வாட்டன்பர்க் போன்றவர்கள் அந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்தார்கள். 1976இல் மைக்கேல் ஸ்போர்ன் இந்தத் துறைக்குக் கீமோபிரிவென்ஷன் என்று பெயர் வைத்தார். புற்று வந்த பின் மருந்து கொடுப்பது கீமோதெரபி. வருமுன் தடுக்க ஒரு பொருளைக் கொடுப்பது இது.

ஸ்டோனர் தொடங்கியபோது அவர் கையில் இருந்தது பழம் அல்ல, எலாஜிக் அமிலம் என்ற ஒற்றை வேதிப்பொருள். புற்றை உண்டாக்கும் பொருட்களான புற்றூக்கிகளின் வேலையை அது கெடுப்பதாக 1980களில் தெரியவந்திருந்தது. அந்த அமிலம் எந்த உணவில் அதிகம் என்று தேடியபோது ராஸ்ப்பெரி, ஸ்ட்ராபெரி, பிளாக்பெரி ஆகியவை முன்னால் வந்தன. அப்படியானால் தனித்தெடுத்த அமிலம் எதற்கு, பழத்தையே கொடுத்துப் பார்ப்போமே என்ற இடத்துக்கு ஆய்வு நகர்ந்தது. கேட்பதற்கு எளிது, செய்வது அவ்வளவு எளிதல்ல.

பழத்தில் 85 முதல் 90 விழுக்காடு தண்ணீர். எலியின் வயிறு சிறியது. பச்சைப் பழமாகக் கொடுத்தால் தண்ணீரால் வயிறு நிரம்பி வழக்கமான தீனியைக் குறைத்துவிடும். குறைவாகத் தின்னும் எலிக்குக் கட்டி குறைவாகத்தான் வரும். இதை 1940களிலேயே டானன்பாம் போன்றவர்கள் காட்டிவிட்டார்கள்: கலோரியைக் குறைத்தாலே எலிகளிடமும் சுண்டெலிகளிடமும் புற்று குறைகிறது. ஆகவே பழம் கொடுத்த எலிகள் வெறும் பசியால் தப்பித்தனவா, பழத்தால் தப்பித்தனவா என்ற குழப்பம் வரக் கூடாது. அதற்காகப் பழத்தை உறைய வைத்து, அந்த நிலையிலேயே ஈரத்தை உறிஞ்சித் தூளாக்கினார்கள். எலித்தீவனத்தில் 5 அல்லது 10 விழுக்காடு அந்தத் தூளைச் சேர்த்தார்கள். சேர்த்த அளவுக்கு மாவுச்சத்தைக் குறைத்து, இரு தரப்புக்கும் கலோரி ஒன்றாக இருக்கும்படி பார்த்தார்கள். தீனி எவ்வளவு போனது, எடை எவ்வளவு ஏறியது என்று தொடர்ந்து குறித்துக்கொண்டார்கள். பழ ஆய்வுச் செய்திகளில் ஒருபோதும் வராத இந்த எடைக்கணக்குதான் ஆய்வின் நாணயத்துக்கு முதல் சாட்சி.

அடுத்தது எலி. ஃபிஷர் 344 என்ற வகை. தலைமுறை தலைமுறையாக உள்ளினத்திலேயே கலந்து வளர்க்கப்பட்டதால் ஒன்றுக்கொன்று மரபணுவில் ஏறக்குறைய இரட்டைப்பிள்ளைகள். ஒரே வயது, ஒரே கூண்டு, ஒரே வெளிச்சம். இந்த எலிக்கு என்எம்பிஏ என்ற நைட்ரோசமைனைச் சில வாரங்கள் தோலுக்கடியில் ஊசி வழியாகச் செலுத்தினால், அது எங்கே செலுத்தப்பட்டாலும் உணவுக்குழாயைத் தேடிப் போய்த் தாக்குகிறது. எலியின் உணவுக்குழாய்ச் சுவரில் இருக்கும் சில நொதிகள் அந்த வேதிப்பொருளை அங்கேயே உடைத்து வீரியமாக்கிவிடுகின்றன என்பது காரணம். 25 வாரத்துக்குள் ஏறக்குறைய எல்லா எலிகளிடமும் கட்டிகள் வந்துவிடும். பெரும்பாலானவை பாப்பிலோமா எனப்படும் மரு போன்ற கட்டிகள்; முற்றிய புற்று பிற்பாடு வரும்.

2001இல் இந்தக் குழு ‘கேன்சர் ரிசர்ச்’ இதழில் வெளியிட்ட முடிவில், புற்றூக்கியைக் கொடுப்பதற்கு இரண்டு வாரம் முன்பே தொடங்கி இறுதிவரை ராஸ்ப்பெரித் தூள் தின்ற எலிகளிடம் கட்டிகளின் எண்ணிக்கை குறைந்திருந்தது. 5 விழுக்காடு தூளுக்கு 39 விழுக்காடும், 10 விழுக்காடு தூளுக்கு 49 விழுக்காடும் குறைவு. ‘புற்றுநோயைப் பாதியாகக் குறைக்கும் பழம்’ என்ற தலைப்பு இங்கேதான் பிறக்கிறது.

இங்கே நிறுத்தி ஒன்றைக் கேட்க வேண்டும். எது பாதியானது? நூறு எலிகளில் ஐம்பதுக்கு நோயே வரவில்லை என்று பலரும் புரிந்துகொள்கிறார்கள். அந்த எண் சொல்வது வேறு: ஓர் எலிக்குச் சராசரியாக இருந்த கட்டிகளின் எண்ணிக்கை ஏறக்குறையப் பாதியானது. பத்துக் கட்டிக்குப் பதில் ஐந்து கட்டி இருக்கும் எலியும் கட்டி உள்ள எலிதான். விலங்கு ஆய்வுகளில் இரண்டு கணக்குகள் தனித்தனியே எழுதப்படும்: எத்தனை விலங்குகளுக்குக் கட்டி வந்தது என்பது ஒன்று, வந்த விலங்கில் எத்தனை கட்டிகள் என்பது மற்றொன்று. இரண்டாவது எண் முதலில் நகர்ந்துவிடும். முதலாவது எண்ணை நகர்த்துவது கடினம். இன்ன எண் என்று சொல்லாத செய்தியில் விழுக்காட்டுக்கு மதிப்பே இல்லை என்பது என் கருத்து.

அடுத்த கேள்வி: எப்போது கொடுத்தார்கள்? புற்றூக்கி உள்ளே போகும் நாட்களில் பழமும் உள்ளே போனால், அது புற்றூக்கி வீரியமாகாமல் தடுத்திருக்கலாம், அல்லது புற்றூக்கி சிதைத்த மரபணுவைச் செல் பழுதுபார்க்க உதவியிருக்கலாம். ஆனால் மனிதர்களாகிய நமக்கு எந்த நாளில் எது உள்ளே போனது என்று தெரியாது. ஐம்பது வயதில் பழம் தின்னத் தொடங்குபவரின் சேதம் முப்பது வயதிலேயே நடந்து முடிந்திருக்கலாம். இதை உணர்ந்து, ஊசிகள் எல்லாம் முடிந்த பிறகே தூளைத் தொடங்கி இன்னொரு பரிசோதனை நடத்தினார்கள். 25 வாரத்தில் இரு அளவுகளிலும் பலன் தெரிந்தது. 35 வாரம் வரை போனபோது 5 விழுக்காட்டுத் தூளில்தான் பலன் நிலைத்தது. இரு மடங்காகக் கொடுத்த கூட்டத்தில் அது மங்கிவிட்டது. அதிகம் கொடுத்தால் அதிகம் நல்லது என்ற நம் பொது நம்பிக்கைக்கு எலிகள் ஒத்துழைக்கவில்லை.

இனி, இந்த ஆய்வு வரிசையில் எனக்கு மிகவும் பயனுள்ளதாகப் படும் பகுதி. பழம் எங்கே பலித்தது, எங்கே பலிக்கவில்லை?

உணவுக்குழாயில் பலித்தது. பெருங்குடலில் இன்னும் நன்றாகப் பலித்தது. வேறு ஒரு புற்றூக்கியால் குடலில் கட்டி வரவழைத்த எலிகளிடம் 10 விழுக்காடு தூள், கட்டிகளை 71 விழுக்காடு குறைத்தது. வாய்க்குள் ஹாம்ஸ்டரின் கன்னப்பையில் செய்த சோதனையிலும் குறைவு தெரிந்தது. ஆனால் புகையிலையில் இருக்கும் புற்றூக்கிகளால் நுரையீரலில் கட்டி உண்டாக்கப்பட்ட சுண்டெலிகளுக்கு ஸ்ட்ராபெரித் தூளைக் கொடுத்தபோது ஒன்றும் நடக்கவில்லை. 2000இல் வெளியான அந்தக் கட்டுரையின் தலைப்பே தோல்வியை ஒளிக்காமல் சொல்கிறது. அந்தக் கட்டுரைக்கு எந்த நாளிதழும் இடம் தந்திருக்காது. ஆனால் வெற்றிகளை மட்டும் வரிசையாக அடுக்கினால் கிடைக்காத ஒரு விளக்கம் இந்தத் தோல்வியால் கிடைத்தது. வாய், உணவுக்குழாய், குடல் ஆகியவை பழத்தின் சாறு நேரடியாகப் பட்டுப் போகும் வழிகள். நுரையீரலுக்குப் போக வேண்டுமானால் பழத்தின் பொருட்கள் குடலில் உறிஞ்சப்பட்டு, கல்லீரலைக் கடந்து, இரத்தத்தில் கலந்து போக வேண்டும். ராஸ்ப்பெரிக்குக் கருஞ்சிவப்பு நிறம் தரும் ஆந்தோசயனின்களில் மிகச் சிறு பங்கு மட்டுமே அப்படிக் கடந்து போகிறது. ஆகவே தொட்ட இடத்தில் வேலை செய்கிறது, தொடாத இடத்தில் செய்வதில்லை என்று ஒரு கருத்து உருவானது.

இது விதி அல்ல. கார்னெல் பல்கலைக்கழகத்தில் 2005இல் வெளியான ஓர் ஆய்வில், மனிதருக்கு ஒரு நாளைக்கு ஒன்று, மூன்று, ஆறு ஆப்பிள் என்ற கணக்குக்கு ஈடான ஆப்பிள் சாற்றுச்சத்தை எலிகளுக்குக் கொடுத்தார்கள். மார்பகக் கட்டி வந்த எலிகள் முறையே 17, 39, 44 விழுக்காடு குறைந்தன. மார்பகத்தை ஆப்பிள் தொடுவதில்லை. ஆக, தொட்ட இடம் என்ற விளக்கம் ராஸ்ப்பெரிக்கும் ஸ்ட்ராபெரிக்கும் பொருந்துகிறது என்று சொல்லலாமே தவிர, பழங்கள் அனைத்துக்கும் என்று நீட்ட முடியாது. (ஆறு ஆப்பிளை அன்றாடம் தின்று பார்க்கும் ஆசை யாருக்காவது இருந்தால், அந்த எலிகள் கடித்துத் தின்னவில்லை, சத்தைக் குழாய் வழியாக வயிற்றில் பெற்றுக்கொண்டன என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளலாம்.)

சரி, பழத்தில் எது வேலை செய்தது? ஆய்வு தொடங்கிய இடம் எலாஜிக் அமிலம் என்று பார்த்தோம். பிறகு கவனம் ஆந்தோசயனின் பக்கம் திரும்பியது. பழத்தூளை வேதியியல் முறையில் பிரித்து, ஆந்தோசயனின் நிறைந்த பகுதியைத் தனியே கொடுத்தார்கள். முழுத் தூளுக்கு நிகராகவே அது வேலை செய்தது. கதை முடிந்தது என்று நினைக்கும்போது, எல்லாம் பிரித்தெடுத்த பின் மிஞ்சிய சக்கையைக் கொடுத்தார்கள். அதில் ஆந்தோசயனின் கிட்டத்தட்ட இல்லை. அதுவும் வேலை செய்தது. 2010இல் ஏழு பழங்களை வரிசையாக வைத்து ஒரே எலி, ஒரே புற்றூக்கி, ஒரே 5 விழுக்காடு என்று சோதித்தார்கள்: கருப்பு ராஸ்ப்பெரி, சிவப்பு ராஸ்ப்பெரி, ஸ்ட்ராபெரி, புளூபெரி, பிரேசிலின் அசாய், சீனாவின் கோஜி, நம் ஊர் நுணாவுக்கு உறவான நோனி. இவற்றில் ஆந்தோசயனினும் எலாஜிக் அமிலத்தின் மூலப்பொருட்களும் ஒன்றில் ஏராளம், இன்னொன்றில் சொற்பம். ஏழும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் கட்டிகளைக் குறைத்தன.

நோனிச் சாறு நம் ஊர்க் கடைகளில் என்ன விலைக்கு விற்கிறது, அதன் புட்டியில் என்னவெல்லாம் எழுதியிருக்கிறது என்பதை அறிந்தவர்கள் இந்த முடிவை இரண்டாம் முறை படிக்க வேண்டும். எலியின் உணவுக்குழாய்க்கு நோனியும் ஸ்ட்ராபெரியும் ஒன்றாகவே பட்டிருக்கின்றன. ஏதோ ஓர் அபூர்வப் பழத்தில் ஏதோ ஓர் அபூர்வப் பொருள் இருக்கிறது என்ற விற்பனைக் கதைக்கு இதைவிடப் பெரிய அடி கிடையாது. பழம் என்ற மொத்தத்தில், நார்ச்சத்து உட்படப் பல பொருட்கள் சேர்ந்து செய்யும் வேலை என்றுதான் ஊகிக்க முடிகிறது. ஊகம் என்ற சொல்லை இங்கே வேண்டுமென்றே பயன்படுத்துகிறேன்.

ஒற்றைப் பொருளைப் பிரித்தெடுத்து மாத்திரையாக்கும் ஆசைக்கு மனிதகுலம் ஏற்கனவே ஒரு விலை கொடுத்திருக்கிறது. காய்கறியும் பழமும் அதிகம் உண்பவர்களுக்கும், இரத்தத்தில் பீட்டா கரோட்டின் அதிகம் உள்ளவர்களுக்கும் நுரையீரல் புற்று குறைவு என்று மக்களிடம் எடுத்த கணக்கெடுப்புகள் காட்டின. விலங்குச் சோதனைகளிலும் அந்தப் பொருளுக்குச் சாதகமான முடிவுகள் இருந்தன. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலருக்குப் பீட்டா கரோட்டின் மாத்திரை கொடுத்தார்கள். 1994இல் முடிவு வந்தது: மாத்திரை சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்று 18 விழுக்காடு அதிகம். அமெரிக்காவில் 18,314 பேரிடம் நடந்த இதேபோன்ற சோதனையில், பீட்டா கரோட்டினுடன் வைட்டமின் ஏயும் பெற்றவர்களிடம் 28 விழுக்காடு அதிகம் என்று தெரிந்து, 1996 ஜனவரியில் பாதியிலேயே நிறுத்தினார்கள்.

ஏன் இப்படி என்று தேடப் போனவர்கள் மீண்டும் விலங்கிடமே வந்தார்கள். எலி பீட்டா கரோட்டினைக் குடலிலேயே பெரும்பாலும் வைட்டமின் ஏ ஆக மாற்றிவிடும். மனிதனைப் போல அதை அப்படியே இரத்தத்தில் ஏற்றிக்கொள்ளாது. ஃபெரட் என்ற கீரி போன்ற விலங்கு ஏற்றிக்கொள்ளும். 1999இல் ஃபெரட்டுகளுக்கு அதிக அளவு பீட்டா கரோட்டினையும் சிகரெட் புகையையும் சேர்த்துக் கொடுத்தபோது, நுரையீரலில் புற்றுக்கு முந்தைய மாற்றங்கள் கூடின. மனிதர்களுக்கு நேர்ந்ததை ஒத்திருந்தது அது. சோதனைக்கு எடுத்த விலங்கு நாம் கேட்கும் கேள்விக்குப் பொருந்துகிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சம்பவம் எனக்குத் தெரியாது. எலி தனக்கு வேண்டிய வைட்டமின் சியைத் தானே தயாரித்துக்கொள்கிறது. நமக்கு அந்தத் திறன் இல்லை. எலிக்குப் பித்தப்பை கிடையாது. சாக்கரின் என்ற செயற்கை இனிப்பு எலிகளின் சிறுநீர்ப்பையில் புற்று உண்டாக்குகிறது என்று 1977இல் அமெரிக்கா அதைத் தடைசெய்யப் பார்த்தது. அது எலியின் சிறுநீருக்கே உரிய ஒரு தன்மையால் வந்த விளைவு என்று தெளிந்த பின், தடைக்குப் பதிலாக அதன் உறைகளில் இடப்பட்டிருந்த எச்சரிக்கை வாசகம் 2000இல் நீக்கப்பட்டது. எலி பொய்யான நம்பிக்கையும் தரும், பொய்யான பயமும் தரும்.

அப்படியானால் எலிச் சோதனை எதற்கு? விதைநெல்லை ஈரச் சாக்கில் முடிந்து முளைப்புத் திறன் பார்ப்பது எதற்கோ அதற்குத்தான். சாக்கில் முளைத்துவிட்டால் விளைச்சல் உறுதி என்று எந்த விவசாயியும் சொல்ல மாட்டார். சாக்கிலேயே முளைக்காததை வயலில் தெளிக்கவும் மாட்டார். மனிதர்களிடம் ஒரு தடுப்புச் சோதனை நடத்த ஆயிரக்கணக்கானோரும் பத்து இருபது ஆண்டுகளும் பல கோடி ரூபாயும் வேண்டும். எதை, எந்த அளவில், எந்த உறுப்புக்கு, எந்தக் கட்டத்தில் சோதிப்பது என்று தேர்ந்தெடுக்க எலி உதவுகிறது. நுரையீரலுக்கு ஸ்ட்ராபெரி வேண்டாம், உணவுக்குழாய்க்குப் பார்க்கலாம் என்று அது கைகாட்டுகிறது.

எலியைவிடக் கீழே இருக்கும் கட்டம் செல் வளர்ப்புத் தட்டு. நம் ஊரில் பல ஆண்டுகளாகக் கைப்பேசியில் சுற்றும் முள் சீத்தாப்பழக் கதை அந்தக் கட்டத்தைச் சேர்ந்தது. ‘கீமோதெரபியைவிடப் பத்தாயிரம் மடங்கு வலிமை’ என்ற வாசகத்துக்கு ஒரு மூலம் உண்டு. 1996இல் வெளியான ஓர் ஆய்வில், அந்த மரத்தின் விதையிலிருந்து பிரித்த ஒரு வேதிப்பொருள், தட்டில் வளர்த்த ஒரு வகைக் குடல்புற்றுச் செல்களை ஒரு குறிப்பிட்ட மருந்தைவிடப் பத்தாயிரம் மடங்கு குறைந்த அளவிலேயே கொன்றது. விதை, பழமாகிவிட்டது. தட்டு, நோயாளியாகிவிட்டது. ஒரு மருந்து, கீமோதெரபி மொத்தமும் ஆகிவிட்டது. செல்லைக் கொல்வது பெரிய சாதனையும் அல்ல. அது நல்ல செல்லையும் கொல்லாமல் இருப்பதுதான் கடினம். கரீபியன் தீவான குவாதலூப்பில், பார்க்கின்சன் போன்றதொரு நரம்புநோய் வழக்கத்துக்கு மாறாக அதிகம் காணப்படுவதற்கும், இந்தப் பழத்தையும் இலைக் கஷாயத்தையும் தொடர்ந்து உட்கொள்வதற்கும் தொடர்பு இருக்கலாம் என்று 1999இல் ‘லேன்செட்’ இதழில் எழுதினார்கள். சந்தேகத்துக்கு உள்ளாகும் பொருட்கள் அதே வேதிக் குடும்பம்.

ராஸ்ப்பெரி எலியைத் தாண்டி மனிதர்களிடம் வந்ததா? வந்தது, தயங்கித் தயங்கி. உணவுக்குழாயின் கீழ்ப்பகுதிச் சவ்வு அமிலத்தால் மாறிப்போகும் பேரட் நிலை உள்ள ஒரு சிறு குழுவுக்கு அன்றாடம் பெண்களுக்கு 32 கிராம், ஆண்களுக்கு 45 கிராம் எனத் தூளை ஆறு மாதம் கொடுத்தார்கள். உடலில் ஆக்சிஜனேற்றச் சேதத்தைக் காட்டும் ஓர் அளவு பலரிடம் குறைந்தது. மாறிப்போன சவ்வின் நீளம் குறையவில்லை. பரம்பரையாகக் குடலில் பாலிப் என்ற சிறு சதை முளைகள் நூற்றுக்கணக்கில் வளரும் நோய் உள்ளவர்களுக்கு மலக்குடலில் வைக்கும் மருந்தாகவே தூளைக் கொடுத்துப் பார்த்ததில், அந்த இடத்துப் பாலிப்புகள் குறைந்தன. தொட்ட இடம் என்ற கருத்து இங்கே எட்டிப் பார்க்கிறது.

சீனாவில் நடந்த சோதனைதான் அதிகம் பேசப்படுவது. உணவுக்குழாய்ப் புற்று அதிகமாகத் தாக்கும் பகுதிகள் அங்கே உண்டு. உணவுக்குழாயில் புற்றுக்கு முந்தைய மாற்றம் உள்ள 75 பேருக்கு உறைய வைத்து உலர்த்திய ஸ்ட்ராபெரித் தூளைத் தண்ணீரில் கலந்து ஆறு மாதம் கொடுத்தார்கள். சிலருக்கு அன்றாடம் 30 கிராம், சிலருக்கு 60. முப்பது கிராமில் பலன் இல்லை. அறுபது கிராம் குடித்த 36 பேரில் 29 பேருக்கு மாற்றத்தின் தரநிலை ஒரு படி இறங்கியது. 2012இல் வெளியான இந்த முடிவு உற்சாகம் தருகிறது. அதே சமயம், சோதனையில் மருந்துப்போலி பெற்ற கூட்டம் இல்லை. இப்படிப்பட்ட மாற்றங்களில் சில தாமாகவே பின்வாங்குவதுண்டு. எண்டோஸ்கோப்பியில் இரண்டாம் முறை சதை எடுக்கும் இடம் சற்று விலகினாலும் தரநிலை மாறிவிடும். ஆகவே 29 என்ற எண்ணில் எவ்வளவு ஸ்ட்ராபெரியுடையது, எவ்வளவு தானாக வந்தது என்று பிரிக்க வழியில்லை.

அறுபது கிராம் தூள் என்பது எவ்வளவு பழம் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஸ்ட்ராபெரியில் பத்தில் ஒன்பது பங்குக்குச் சற்று மேலேயே தண்ணீர். ஆக, அன்றாடம் அறுநூறு கிராமுக்கு மேல். எலியின் 10 விழுக்காடும் இதே இடத்தில்தான் வந்து நிற்கிறது: ஒரு மனிதர் ஒரு நாளில் உண்பதில் ஈரத்தை நீக்கினால் ஏறக்குறைய அரைக் கிலோ, அதில் பத்தில் ஒரு பங்கு ஐம்பது கிராம். உணவாக இது சாத்தியமே இல்லாத அளவு அல்ல. ஆனால் காலையில் இரண்டு துண்டு பழம் தின்பவரைப் பற்றி இந்த ஆய்வு எதுவும் சொல்லவில்லை.

சாதாரணமாகப் பழம் உண்பவர்களைப் பற்றிச் சொல்பவை வேறு வகை ஆய்வுகள். பத்து ஐரோப்பிய நாடுகளில் ஏறக்குறைய 4,78,000 பேரை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த எபிக் ஆய்வு 2010இல் சொன்னது: பழமும் காய்கறியும் நாளுக்கு 200 கிராம் கூடினால் மொத்தப் புற்றுநோய் அபாயம் 3 விழுக்காடு அளவில் குறைவு. அந்தச் சிறு குறைவிலும் பழம் தின்பவர்கள் புகைபிடிப்பது குறைவு என்பது போன்ற வேறு காரணங்கள் கலந்திருக்கலாம். உலகப் புற்றுநோய் ஆய்வு நிதியம் 1997இல் பழம், காய்கறிக்கு ஆதரவான சான்று ஐயத்துக்கு இடமற்றது என்று எழுதியது. 2007இல் ‘இருக்கக்கூடும்’ என்ற படிக்கு இறங்கி வந்தது. எலியில் 49 விழுக்காடு, மனிதக் கூட்டத்தில் 3 விழுக்காடு. இரண்டும் ஒன்றையொன்று பொய்யாக்கவில்லை. ஒன்றில் புற்றூக்கியின் அளவும் நாளும் ஆய்வாளர் கையில். மற்றதில் எதுவும் யார் கையிலும் இல்லை.

பழம் தின்னலாமா என்று கேட்டால், தாராளமாக. இரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் மலச்சிக்கலுக்கும் பழம் செய்யும் நன்மைக்குப் புற்றுநோயைத் துணைக்கு அழைக்கத் தேவையில்லை. ஏழு பழச் சோதனையை நினைவில் வைத்தால், கொய்யா விற்கும் விலையில் அசாய்த் தூளைத் தேடிப் போக எலிகள் எந்தக் காரணமும் தரவில்லை. நீரிழிவு உள்ளவர்கள் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள் பழத்தூள், சாற்றுச்சத்து, குளிகை எதைத் தொடங்கினாலும் சிகிச்சை தரும் மருத்துவரிடம் சொல்லிவிட்டே தொடங்க வேண்டும். சில பொருட்கள் மருந்து உடலில் தங்கும் அளவையே மாற்றிவிடும்.

இப்படிப்பட்ட ஒவ்வொரு சோதனையிலும் செய்தியாளர்கள் கண்டுகொள்ளாத ஒரு கூட்டம் உண்டு. புற்றூக்கி மட்டும் பெற்ற எலிகள், புற்றூக்கியும் பழமும் பெற்ற எலிகள் ஆகிய இரண்டையும்தான் ஒப்பிட்டு எழுதுகிறார்கள். புற்றூக்கியே பெறாத கூட்டம் ஒன்றும் பக்கத்தில் இருக்கும். அந்த எலிகளின் உணவுக்குழாயில் கட்டிகளே வருவதில்லை, பழம் தின்றாலும் தின்னாவிட்டாலும். சோதனை முழுவதிலும் மிகப் பெரிய வேறுபாடு அங்கேதான் இருக்கிறது. வாய், தொண்டை, உணவுக்குழாய் மூன்றிலும் புகையிலையும் மதுவும் புற்றை உண்டாக்குகின்றன. இரண்டும் சேரும்போது அபாயம் கூட்டலாக அல்ல, பெருக்கலாக ஏறுகிறது. மெல்லும் வெற்றிலை பாக்கும், அதில் புகையிலை இல்லாவிட்டாலும்கூட, அந்தப் பட்டியலில் சேர்ந்திருக்கிறது. இந்த முடிவுகள் எலிகளிடமிருந்து வந்தவை அல்ல. பல நாடுகளில், பல பத்தாண்டுகள், மனிதர்களையே பார்த்து எழுதப்பட்டவை.